வைஃபை ஓடுகிறது, பிரிண்டர் மட்டும் தெரியவில்லையா? வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல், பிரிண்டர் பகிர்வைச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

பெங்களூரில் 30க்கு 40 சைட்டில் கட்டிய மாடி வீடுகளில் அடிக்கடி பார்க்கும் அமைப்பு இது. தரைத்தளத்து ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், இன்டர்நெட் கம்பெனி மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டி. கான்கிரீட் தளத்தைத் தாண்டி சிக்னல் மேலே ஏறாததால் மாடி அறைக்கென்று தனியாக வாங்கி மாட்டிய இன்னொரு ரூட்டர். குழப்பம் வேண்டாமே என்று இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. பிரிண்டர் கீழே, லேப்டாப் மேலே. மேலே யூடியூப் தடையில்லாமல் ஓடும். ஆதார் நகல் ஒன்று பிரிண்ட் எடுக்கலாம் என்றால் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று நிற்கும்.

இந்த இடத்தில் எல்லோருடைய கையும் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டுப் புதிதாகப் போடத்தான் போகும். பெரும்பாலும் அது வீண் வேலை. பகிர்வு நடக்க இரண்டு விஷயம் வேண்டும்: இரண்டு கருவியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், பிறகு ஒன்று மற்றதை உள்ளே விட அனுமதிக்க வேண்டும். முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதில் மணிக்கணக்காகக் குடைவதால்தான் ஞாயிற்றுக்கிழமை வீணாகிறது. இன்னொன்று, பெயரை நம்பாதீர்கள், எண்ணை, அதாவது ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் ஐபி முகவரியை, நம்புங்கள். எக்ஸ்ப்ளோரரின் 'நெட்வொர்க்' பகுதியில் ஒரு கணினியின் பெயர் தெரிவது ஒரு ஏற்பாடு. அந்தக் கணினியோடு பேச முடிவது வேறு ஏற்பாடு. பெயர் தெரியாமலே எல்லாம் வேலை செய்யும் வீடுகள் நிறைய உண்டு.

ஒரு தாளில் எண்களைக் குறியுங்கள்

விண்டோஸில் ஸ்டார்ட்டைத் திறந்து 'சிஎம்டி' என்று தேடி, வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். 'ஐபிவி4 அட்ரஸ்', 'டிஃபால்ட் கேட்வே' என்ற இரண்டு வரி போதும். முதலாவது லேப்டாப்பின் எண்; இரண்டாவது ரூட்டரின் எண், அதை பிரவுசரில் அடித்தால் ரூட்டரின் செட்டிங்ஸ் திறக்கும். ஆண்ட்ராய்டில் வைஃபை செட்டிங்ஸில், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் எண் தெரியும். திரை இருக்கும் பிரிண்டரில் நெட்வொர்க் மெனுவில் இருக்கும். திரை இல்லாததில் நெட்வொர்க் நிலவரப் பக்கம் ஒன்றை அச்சடிக்க வைக்கலாம். எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும்.

இப்போது லேப்டாப்பின் எண்ணையும் பிரிண்டரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று பகுதியும் ஒன்றானால், உதாரணமாக 192.168.1.20, 192.168.1.45 என்றால், பொதுவாக ஒரே நெட்வொர்க். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது. ஜியோ ஃபைபர் பெட்டிக்குக் கீழே இருப்பவை வழக்கமாக 192.168.29 என்று தொடங்கும். எண் 169.254 என்று தொடங்கினால் அந்தக் கருவிக்கு ரூட்டர் எண்ணே கொடுக்கவில்லை, அது தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வைஃபை பாஸ்வேர்டை மறுபடி கொடுத்து இணைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கூடவே ஒரு பொறி: போனில் இணைந்திருக்கும் வைஃபை பெயர் 'டைரக்ட்' என்று தொடங்குகிறதா? அப்படியானால் போன் நேரடியாகப் பிரிண்டரின் சொந்த வைஃபையில் தொற்றிக்கொண்டிருக்கிறது. போனிலிருந்து மட்டும் பிரிண்ட் வந்து, லேப்டாப்பிலிருந்து வராததற்கு இது ஒரு வழக்கமான காரணம். பிரிண்டர் இன்னும் வீட்டு வைஃபையில் சேரவே இல்லை.

எண்கள் ஒத்துப்போனால் பிங் செய்து, அதாவது அந்தக் கருவி பதில் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்: அதே கறுப்புத் திரையில் பிங் (ping) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 192.168.1.45. இங்கே கடைசி வரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வரும் வரியும் 'ரிப்ளை ஃப்ரம்' என்றுதான் தொடங்கும், ஆனால் அதிலிருக்கும் எண் உங்கள் லேப்டாப்பினுடையதாக இருக்கும். நான்கு அனுப்பி நான்கும் கிடைத்தது, இழப்பு 0% என்று கீழே கணக்கும் காட்டும். பிரிண்டரின் எண்ணிலிருந்தே பதில் வந்தால்தான் செல்லும். விண்டோஸ் கணினியைப் பிங் செய்து பதில் வராவிட்டால் பதற வேண்டாம். பகிர்வு திறக்காத விண்டோஸ் பிங்குக்குப் பதில் தராது. பிரிண்டரும் ரூட்டரும் வழக்கமாகத் தரும்.

இரண்டு ரூட்டர், இரண்டு வீடு

மாடி ரூட்டரின் 'வான்' (இன்டர்நெட் உள்ளே வரும்) போர்ட்டில் கீழிருந்து வரும் கேபிளைச் செருகியிருந்தால், அது தனக்குக் கீழே புதிதாக ஒரு நெட்வொர்க்கைக் கட்டுகிறது. வைஃபை பெயர் ஒன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். போனோடு படியிறங்கினால் போன் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்கும். 'ஹாலில் இருந்தால் பிரிண்ட் வருது, ரூமுக்குப் போனா வரல' என்பதன் காரணம் இதுதான்.

இந்த அமைப்பு ஒருவழிப் பாதை மாதிரி. மேலே இருக்கும் லேப்டாப், கீழே இருக்கும் பிரிண்டரின் எண்ணைத் தெரிந்துவைத்துக் கேட்டால் பதில் வரும்; மாடி ரூட்டர் அதை வெளியே போகும் போக்குவரத்தாக எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். ஆனால் 'இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா' என்று பொதுவாகக் கூவும் தேடல், ரூட்டரைத் தாண்டாது. கீழே இருப்பவர் மாடி லேப்டாப்பின் ஃபோல்டரைத் திறக்கவே முடியாது. ஆகவே பிங் போகிறது, தேடினால் கிடைக்கவில்லை என்ற விசித்திர நிலை வரும்.

தீர்வு, மாடி ரூட்டரை வெறும் வைஃபை பாலமாக மாற்றுவது. அதன் செட்டிங்ஸில் 'ஆபரேஷன் மோட்' இருந்தால் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று மாற்றிச் சேமியுங்கள், முடிந்தது. அந்த வசதி இல்லாத பழைய ரூட்டர் என்றால் கையால் செய்யலாம். வரிசை முக்கியம்:

1. கீழிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை மாடி ரூட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளையில்) கேபிளால் இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.
2. ரூட்டரின் லேன் முகவரியை மாற்றுங்கள். கீழ்ப் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. கீழ்ப் பெட்டி தானாக வழங்கும் எண்களின் வரம்பில் இந்த 2 வரக் கூடாது. வந்தால் அந்த வரம்பை 10லிருந்து தொடங்கும்படி மாற்றுங்கள். சேமித்ததும் ரூட்டர் மறுபடி கிளம்பும், புது எண்ணில் உள்ளே போங்கள்.
3. இப்போது கருவிகளுக்கு எண் வழங்கும் 'டிஹெச்சிபி சர்வர்' என்பதை அணையுங்கள். முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு எண் கிடைக்காமல் ரூட்டருக்குள்ளேயே போக முடியாது. அதனால்தான் இது கடைசி.
4. கீழிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்களில் ஒன்றில் செருகுங்கள். வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

எல்லாக் கருவியிலும் வைஃபையை அணைத்துப் போட்டு, தாளில் எழுதிய எண்களை மறுபடி சரிபாருங்கள். எல்லாம் 192.168.1 என்று தொடங்க வேண்டும்.

ரூட்டர் ஒன்றுதான், இருந்தும் பேசவில்லை

முதல் சந்தேகம் 'கெஸ்ட் நெட்வொர்க்'. விருந்தாளிகளுக்கான அந்த வைஃபையில் இருப்பவர்கள் இன்டர்நெட்டுக்கு மட்டும் போகலாம், வீட்டுக் கருவிகளைத் தொட முடியாது. 'ஏபி ஐசொலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்ற டிக் இருந்தாலும் அதே கதை. பிடிஎம் லேஅவுட், மாரத்தஹள்ளிப் பக்கத்துப் பிஜிக்களில் (பேயிங் கெஸ்ட் விடுதிகளில்) தங்கியிருப்பவர்கள் இதைச் சந்திக்க வாய்ப்பு அதிகம்: அறைக்கு அறை ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அதை வைப்பார்கள், அது நியாயமும்கூட. அங்கே சண்டை போடாமல் பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் மாட்டிவிடுங்கள்.

லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸிலும் பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பதால்தான் வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வார்கள். ஒரே ரூட்டரின் ஒரே நெட்வொர்க் என்றால் இது பிரச்சினையே இல்லை. சிக்கல் பிரிண்டரை முதன்முறை சேர்க்கும்போதுதான். வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்களில் பல 2.4 மட்டுமே அறிந்தவை. ரூட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கலந்து கொடுத்தால் சேர்க்கும் செயலி தடுமாறும். 'ஸ்மார்ட் கனெக்ட்' வசதியைப் பத்து நிமிடம் அணைத்து, 2.4ஐத் தனிப் பெயரில் வைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு பழையபடி ஆக்கலாம். பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளே வராது, பாஸ்வேர்டு இல்லாமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டனும் வேலை செய்யாது. 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' கலவையாக வையுங்கள்.

ஆபீஸ் லேப்டாப் தனிச் சாதி. ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ரகசியப் பாதை போடும் விபிஎன் இணைந்திருக்கும்போது எல்லாப் போக்குவரத்தும் ஆபீஸுக்குப் போகும்படி அமைத்திருந்தால் பக்கத்து மேஜைப் பிரிண்டர்கூடத் தெரியாது. விபிஎன்னைத் துண்டித்துப் பாருங்கள். அப்போது வந்தால் உங்கள் வீட்டில் குறையில்லை. ஆபீஸ் அனுமதித்தால் மட்டும் அந்த பிடிஎஃப்பை உங்கள் சொந்தப் போனுக்கு அனுப்பி அங்கிருந்து பிரிண்ட் கொடுங்கள். கம்பெனி வைத்த ஃபயர்வாலை (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் காவலை) நோண்ட வேண்டாம்.

நேற்று வந்தது, இன்று ஆஃப்லைன்

சாயங்கால மழைக்குக் கரண்ட் போய் வந்த மறுநாள் வரும் புகார் இது. ரூட்டர் எண்களை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. ரூட்டரும் அணைந்து எழுந்தால், பல வீட்டு ரூட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை மறந்துவிடும். நேற்று 45இல் இருந்த பிரிண்டர் இன்று 47. விண்டோஸ் இன்னும் 45இன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

எண்ணை நிரந்தரமாக்குங்கள். ரூட்டர் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும் இடத்தில் பிரிண்டரின் மேக் முகவரியையும் (கருவியோடு பிறந்த அடையாள எண்), கொடுக்க வேண்டிய எண்ணையும் எழுதிச் சேமித்து, பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். மேக் முகவரி அந்த நெட்வொர்க் பக்க அச்சிலேயே இருக்கும். பிரிண்டரின் மெனுவில் நேராக எண்ணைப் பதிக்கலாம்தான். ஆனால் ரூட்டர் வழங்கும் வரம்புக்குள் அந்த எண் இருந்தால், ஒருநாள் அதையே யாரோ ஒருவரின் போனுக்குக் கொடுத்துவிடும். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது என்ற வகை நோய் அப்படித்தான் தொடங்குகிறது.

அடுத்தது விண்டோஸ் பக்கம். தானாகத் தேடிச் சேர்த்த பிரிண்டரை 'பிரிண்டர் பிராப்பர்டீஸ்', 'போர்ட்ஸ்' என்று போய்ப் பாருங்கள். டிக் போட்ட வரி 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கினால், அது தேடல் மூலம் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் வகை. வைஃபையில் அடிக்கடி தொலைத்துவிடும். அதே இடத்தில் 'ஆட் போர்ட்', 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' தேர்ந்து பிரிண்டரின் எண்ணைக் கொடுங்கள். பிறகும் பிங் போகும்போதே 'ஆஃப்லைன்' காட்டினால், 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டர் அந்த நலம் விசாரிப்புக்குப் பதில் சொல்லாததையே விண்டோஸ் ஆஃப்லைன் என்று எடுத்துக்கொள்ளும்.

வரிசையில் மாட்டிக்கொண்ட வேலை 'டெலீட்டிங்' என்றே நின்றால்: 'சர்வீசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' நிறுத்துங்கள், சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள்.

கரண்ட் பேச்சு வந்ததால் ஒன்று. ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள், லேசர் பிரிண்டரைப் போடாதீர்கள். டோனரை உருக்கி ஒட்டும் ஹீட்டர் ஒரே இழுப்பில் நிறைய கரண்டை உறிஞ்சும்.

யூஎஸ்பி பிரிண்டரைக் கணினி வழியாகப் பகிர்வது

எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி2900 போன்ற வைஃபை இல்லாத பழைய குதிரைகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றை ரூட்டரின் யூஎஸ்பி துளையில் மாட்டிப் பகிரலாம் என்று நினைப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். 1020க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையே கணினியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ரூட்டருக்கு அது தெரியாது. ஆகவே ஒரு கணினியில் மாட்டி அங்கிருந்து பகிர்வதே வழி. அந்தக் கணினி விழித்திருக்க வேண்டும்: மின்சாரத்தில் இருக்கும்போது 'ஸ்லீப்' 'நெவர்' என்று வையுங்கள். பகிர்வுப் பெயரை இடைவெளி இல்லாமல் சின்னதாகக் கொடுங்கள்.

இன்னொரு கணினியிலிருந்து சேர்க்கும்போது 11பி என்றோ 709 என்றோ முடியும் பிழை எண் வரலாம். 2021இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளியானபின் மைக்ரோசாஃப்ட் பகிர்ந்த பிரிண்டர்களின் கெடுபிடியை வரிசையாக இறுக்கியது; டிரைவர் போடவே அட்மின் உரிமை வேண்டும் என்றானது. ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலில், ஒரு மதிப்பைப் பூஜ்ஜியமாக்கு என்று வீடியோக்கள் சொல்லும். அது அடைத்த ஓட்டையை மறுபடி திறப்பது. அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள்:

முதலில் இரண்டு கணினியிலும் விண்டோஸ் அப்டேட்டை முடித்துவிடுங்கள். இரண்டாவது கணினியில் பிரிண்டரின் டிரைவரைத் தனியாக நிறுவுங்கள். எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று பகிரும் கணினியின் எண்ணைக் கொடுத்து, யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு, நினைவில் வைக்கும் டிக்கையும் போடுங்கள் (பகிர்வை ஆன் செய்வதும் இந்தக் கணக்கை உருவாக்குவதும் கீழே 'ஃபோல்டர் பகிர்வு' பகுதியில்). பிறகு பிரிண்டரைக் கையால் சேர்க்கும் வழியில் போய், புது போர்ட், வகை 'லோக்கல் போர்ட்', பெயர் \\192.168.1.20\ என்று எழுதி அதை ஒட்டியே பகிர்வுப் பெயர். டிரைவரைப் பட்டியலிலிருந்து தேருங்கள். பகிரும் கணினியிடம் டிரைவர் கேட்காததால் பெரும்பாலும் அந்தப் பிழையே எழாது.

ஃபோல்டர் பகிர்வு

இன்டர்நெட் கம்பெனி மாறினாலோ, 11 மாத அக்ரிமென்ட் முடிந்து வீடு மாறினாலோ, புது வைஃபையை விண்டோஸ் புது ஊராகவே பார்த்து 'பப்ளிக்' என்று குறித்துக்கொள்ளும். அப்போது பகிர்வெல்லாம் கதவடைக்கும். ஆகவே முதல் வேலை: 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை', பிராப்பர்டீஸ் என்று போய் 'பிரைவேட்' ஆக்குங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' பகுதியில் பிரைவேட்டுக்குக் கீழே 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். கணினியின் எண்ணையும் ரூட்டரில் ரிசர்வ் செய்துவிடுங்கள். லேன் கேபிளுக்கும் வைஃபைக்கும் வேறு வேறு மேக் முகவரி என்பதை மறக்காதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பாஸ்வேர்டில். தினமும் நான்கு இலக்க பின் போட்டுத் திறப்பவர், நெட்வொர்க் கேட்கும்போதும் அதையே போடுவார். அந்த பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும், நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக விடாது. எளிய வழி, பகிர்வுக்கென்று தனிக் கணக்கு: 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' உள்ளே, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்து, 'வீடு' என்பது போல ஒரு பெயரை ஆங்கில எழுத்தில், நல்ல பாஸ்வேர்டோடு உருவாக்குங்கள்.

டி டிரைவில் புது ஃபோல்டர் போடுங்கள். டெஸ்க்டாப்பையோ முழு டிரைவையோ பகிராதீர்கள். ரைட் கிளிக், 'பிராப்பர்டீஸ்', 'ஷேரிங்', 'அட்வான்ஸ்டு ஷேரிங்', 'பெர்மிஷன்ஸ்': 'எவ்ரிஒன்' நீக்கி, புதுக் கணக்கைச் சேர்த்து 'சேஞ்ச்', 'ரீட்' கொடுங்கள். பக்கத்து 'செக்யூரிட்டி' தாவலிலும் அதே கணக்குக்கு 'மாடிஃபை' கொடுக்க வேண்டும். இரண்டில் எது கறாரோ அதுதான் நடக்கும். மற்றக் கணினியில் \\192.168.1.20 என்று திறந்து, யூசர்நேம் இடத்தில் பகிரும் கணினியின் பெயர், பின்சாய்வுக்கோடு, கணக்குப் பெயர் என்று கொடுங்கள். ஆப்பிள் மேக் கணினியில் ஃபைண்டரில் கமாண்ட் கீயோடு கே அழுத்தி, smb://192.168.1.20 என்று கொடுத்தால் போதும்.

பிழைச் செய்தியைப் படித்தாலே பாதி தெரியும். 'நெட்வொர்க் பாத்' கிடைக்கவில்லை என்றால் கதவே திறக்கவில்லை: பிரைவேட் ஆனதா, ஆன்டிவைரஸோடு வந்த ஃபயர்வால் 445 போர்ட்டை மறிக்கிறதா என்று பாருங்கள். அதை 2 நிமிடம் அணைத்துச் சோதித்து, உடனே ஆன் செய்து, விதிவிலக்கு சேருங்கள். உள்ளே போனபின் 'ஆக்சஸ் டினைட்' என்றால் செக்யூரிட்டி தாவல். சரியான பாஸ்வேர்டையும் ஏற்கவில்லை என்றால் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து அந்த எண்ணுக்கான பழைய பதிவை அழியுங்கள்.

ரூட்டரில் செருகிய பென் டிரைவோ பழைய நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) 'கெஸ்ட்' அணுகலைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டால், பழுது அல்ல. விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டில்லாத விருந்தாளி நுழைவு மூடப்பட்டது. அந்தப் பெட்டியில் ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு வையுங்கள். பெட்டிக்கு எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை தவிர வேறு மொழி தெரியாது என்றால் அதை ஓய்வு கொடுத்து அனுப்புவதே நல்லது. 2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை பரவியது அந்த வழியாகத்தான்.

எண்ணால் திறக்கிறது, 'நெட்வொர்க்' பட்டியலில் மட்டும் தெரியவில்லை என்றால், பகிரும் கணினியின் சர்வீசஸில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' தானாகத் தொடங்கும்படி வையுங்கள். தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை, 'மேப் நெட்வொர்க் டிரைவ்' மூலம் எண்ணோடு ஒரு டிரைவாக்கிவிடலாம்.

வேலை செய்கிறது, ஆனால் ஊர்கிறது

இரண்டு லேப்டாப்பும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. வேகம் ஏறக்குறைய பாதி. ஒன்றையாவது கேபிளில் போடுங்கள். அப்போதும் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை என்றால் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. 4 ஜிபி கல்யாண வீடியோவுக்கு 6 நிமிடம் ஆகும். மலிவு ரூட்டரின் போர்ட்டே அவ்வளவுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 8 கம்பியில் 4ஐ மட்டும் வைத்துக் கிரிம்ப் செய்திருந்தால் 100ஐத் தாண்டவே தாண்டாது. எஸ்பி ரோட்டில் இரண்டு முனையும் போட்ட கேட்6 கேபிள் வாங்கும்போதும் 8 கம்பியும் முனை வரை வந்திருக்கிறதா என்று எண்ணிவிட்டுக் காசு கொடுங்கள்.